முகப்புத் திரைக்கு ஒரு கமிட்டி

கிட்ட வாங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்தப் பக்கம் வெயில் அடிக்குது, இப்படி நகர்ந்து உட்காருங்க. மடியில் பிள்ளை தூங்கினால் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் கதை. முகத்தைச் சுளிக்காதீங்க கண்ணுகளா. கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கு இந்தக் கதை லேசாகப் புரியும். தெரிஞ்சவங்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

ரெண்டாயிரம் பிறக்கப் போகிறது, உலகத்துப் பெட்டியெல்லாம் அப்படியே நின்றுவிடும் என்று பேப்பரில் போட்டுப் பயமுறுத்திக்கொண்டிருந்த வருஷம். இராஜபாளையத்தில் அப்போது 'தென்பொதிகை மருத்துவத் துணி உற்பத்தியாளர் பொதுநலச் சங்கம்' என்று ஒன்று இருந்தது. பேரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டவுன் பஸ் போய்விடும். சங்கத்துக்குத் தறி கிடையாது, நூல் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் நெய்கிற பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகுமுன் ஒவ்வொரு துணிக்கட்டிலும் சங்கத்து லேபிள் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. என்ன துணி, எத்தனை அகலம், எந்த மாசம் நெய்தது என்று மூன்று வரி. அந்த மூன்று வரிக்கு ஒரு தலைவர், பத்து போர்டு உறுப்பினர்கள், ஒரு அம்பாசிடர் கார், ஒரு கொடிக்கம்பம். மூன்று வரியையும் டைப் அடிக்க ஒரே ஒரு கிருபாபாய்.

கிருபாபாய் தற்காலிக ஊழியர். அவள் தற்காலிகமாகச் சேர்ந்த சமயம் வாசலில் நட்ட வேப்பங்கன்று இப்போது சங்கத்துக் கூரைக்கு மேலே நிற்கிறது. வேம்பு நிரந்தரமாகிவிட்டது.

சம்பளம் கூட்டிக் கொடுங்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்கு வேண்டியது ஆஸ்பத்திரி அட்டை. நிரந்தர ஊழியருக்கும் வீட்டில் உள்ளவருக்கும் சங்கம் ஒரு அட்டை கொடுக்கும். அதைக் காட்டினால் மதுரையில் பெரிய நெஞ்சு டாக்டரிடம் படுக்கை கிடைக்கும். கிருபாபாயின் புருஷன் தவசிமுத்து பஞ்சாலையில் பஞ்சு உடைக்கிற இடத்தில் நின்றவர். பஞ்சு போர்வையாகப் போனது ஊருக்கு, தூசி போனது அவர் நெஞ்சுக்குள். ஆலையை மூடினதோடு அவருடைய அட்டையும் போச்சு. ஒரு படி ஏறினால் மூன்று தரம் நின்று மூச்சு வாங்குவார்.

அந்த நேரத்தில்தான் சங்கத் தலைவர் சோலைராஜ் அவளைக் கூப்பிட்டு விட்டார்.

"கிருபா, நமக்குக் கம்ப்யூட்டர் வருது. மதுரையில இருந்து பெரிய அதிகாரி வருவாரு. அவர் முன்னால அதுல ஒரு லேபிள் அடிச்சுக் காட்டிரு. அன்னைக்கே உன்னை நிரந்தரம் பண்ணிருதேன்."

கிருபாபாய்க்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தது. அவளுக்குப் பார்வை மட்டு. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரித்தான். டைப்ரைட்டரில் விரலுக்குக் கண் தேவையில்லை. கம்ப்யூட்டரில் எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு காரியமும் நடக்காதாமே!

பெட்டி வந்தது. கூடவே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பாஷ்யம் வந்தான். தேர் நிற்கிற தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பையன். ஒரு பத்திரிகையோடு இனாமாக வந்த சி.டி. தட்டைப் பெட்டிக்குள் போட்டு, ஏதோ ஓட்டினான்.

"இதுக்கு லினக்ஸ்னு பேர் அக்கா. காசு கிடையாது. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா திறந்து பாக்கலாம். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். திறந்ததும் முன்னால தெரியறதே, இது முகப்புத் திரை. கடைச்சட்டை மாதிரி ரெடிமேடா ஒண்ணு வரும். அதை அப்படியே மாட்டிக்கலாம், இல்லைன்னா நம்ம அளவுக்குத் தைச்சுக்கலாம். உங்களுக்கு எப்படி வேணும்?"

கிருபாபாய் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரிடமோ கேட்கிறான் என்று. சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து எப்படி வேணும் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"எழுத்து பெருசா வேணும் தம்பி. பொறவு, ஒண்ணும் இல்லாம வேணும்."

பாஷ்யம் தட்டினான். செத்த நேரத்தில் திரை கறுப்பாயிற்று. நடுவில் ஒரே ஒரு பெட்டி. அதில் எழுத்து ஒவ்வொன்றும் மஞ்சள் நிறத்தில் பூசணிப்பூ மாதிரி மலர்ந்தது. அன்று மத்தியானம் முழுக்க அவள் அடித்தாள். ஒரு எழுத்துத் தப்பவில்லை. பிரிண்டர் கறகறவென்று சத்தம் போட்டு லேபிளைத் துப்பத் துப்ப, சுடச்சுடத் தோசையை எடுக்கிற மாதிரி எடுத்து அடுக்கினாள்.

வீட்டுக்குப் போனதும் தவசிமுத்து கேட்டார், "ஏட்டி, என்ன சிரிச்சுக்கிட்டே வார?"

"எழுத்து தெரியுதுய்யா! எம்புட்டுப் பெருசு தெரியுமா? பஸ் போர்டு மாதிரி!"

"அப்போ அட்டை?"

"கெடச்ச மாதிரிதான்."

அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் தலைவர் வந்து திரையைப் பார்த்தார். சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குள் நுழைந்தவர் மாதிரி முகம் போயிற்று.

"என்னது இது, கறேர்னு? யாரைக் கேட்டு மாத்தின?"

"எனக்குக் கண்ணு தெரியணும்னு தம்பிதான் ஐயா..."

"உன் கண்ணுக்குத் தக்கன சங்கத்தை மாத்த முடியுமா?"

அவசரக் கூட்டம் போட்டார்கள். காப்பி வந்தது, முறுக்கு வந்தது, தலைவர் எழுந்து பேசினார்.

"வெளிநாட்டுல படிச்சவன் யோசிச்சு ஒரு முகப்பு பண்ணி அனுப்பியிருக்கான். அதை மாத்த நாம யாரு? எங்கப்பா இந்தத் தலைவர் பதவியை என் கையில குடுத்தாரு. இத்தனை வருஷத்துல அதுல நான் ஒண்ணாவது செஞ்சிருக்கேனா? யாராவது சொல்லட்டும்! வந்தது வந்தபடி வச்சிருக்கேன். கூரை ஒழுகுச்சு, அப்படியே வச்சிருக்கேன். ஒண்ணும் செய்யாம வச்சிருக்கதுக்குப் பேருதான்யா நிர்வாகம்!"

பலத்த கைதட்டல். முகப்புத் திரை வந்தபடியே இருக்க வேண்டும், யாரும் தொட்டு மாற்றக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. பாஷ்யத்தைக் கூப்பிட்டு, கறுப்பை அழித்து ரெடிமேடைக் கொண்டுவர வைத்தார்கள். திரை சாம்பல் நிறமாயிற்று. கடுகு கடுகாக எழுத்து. பொடிப்பொடியாகப் படங்கள். கிருபாபாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடி துடைத்தாள். எறும்புகள் அப்படியே இருந்தன.

ரெடிமேடில் ஒரு கடிகாரமும் இருந்தது. அது சீமை நேரம் காட்டியது. தொடக் கூடாது என்று தீர்மானம் இருப்பதால் அதை யாரும் திருத்தவில்லை. தலைவர் பகல் பதினொன்றரைக்கு ஆபீசுக்கு வரும்போது அது விடியக்காலம் ஆறு மணி காட்டும். அந்த வருஷத்து ஆண்டறிக்கையில், 'விடியக்காலம் ஆறு மணிக்கே வந்து உழைக்கும் நம் தலைவர்' என்று அச்சாயிற்று. அவரும் அதை வாசித்து, தான் இவ்வளவு உழைப்பது தனக்கே தெரியாமல் போச்சே என்று கண் கலங்கினார்.

இதுவரைக்கும்கூட கிருபாபாய் சமாளித்திருப்பாள். திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து, எது எங்கே என்று தடவித் தடவிப் பழகிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த ரெடிமேட் திரையின் கீழ்மூலையில் ஒரு பாதம் இருந்தது.

அதைப் படம் போட்டவன் எந்தச் சீமையில், என்ன நினைத்துப் போட்டானோ! ஒற்றைப் பாதம். அந்தப் பாதத்தின்மேல், மவுஸ் என்கிற எலியால், திரையில் ஓடுகிற அம்பைக் கொண்டுவைத்து அமுக்கினால்தான் பெட்டிக்குள் இருக்கிற எதுவும் திறக்கும். லேபிள் அடிக்கிற இடமும் அதற்குள்ளேதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் நம்பி என்று ஒரு போர்டு உறுப்பினர். பன்னிரண்டு திருமண் போட்டுக்கொண்டு வருவார். அவர்தான் முதலில் பார்த்தார். பார்த்ததும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஆஹா! இது சாட்சாத் பெருமாள் திருவடின்னா! சீமைக்காரனே ஒத்துண்டு போட்டிருக்கான் பாருங்கோ!"

தலைவர் குனிந்து பார்த்தார். "சாமி, விரல் நாலுதானே இருக்கு?"

"அஞ்சாவது பக்தி உள்ளவா கண்ணுக்கு மட்டும் தெரியும்."

அடுத்த நிமிஷமே எல்லோருக்கும் ஐந்து விரல் தெரிந்தது. ஒருத்தருக்கு ஆறுகூடத் தெரிந்தது. கிருபாபாய்க்கு மட்டும் பாதமே ஒரு கறையாகத்தான் தெரிந்தது. அதை அவள் வெளியே சொல்லவில்லை.

ஞானபாக்கியம் என்று இன்னொரு உறுப்பினர், சர்ச் பெண்கள் ஐக்கியத்துத் தலைவி. அவர் விடவில்லை. "அதென்ன, பாதம்னா உங்க சாமிக்கு மட்டுந்தான் உண்டா? எங்க ஆண்டவருக்கும் பாதம் உண்டு. ஆணி பாய்ஞ்ச பாதம். இந்தா நடுவுல ஒரு புள்ளி தெரியுதுல்லா?"

தெரிந்தது மானிட்டரில் இருந்த தூசி. ஆனாலும் அது ஆணித் தழும்புதான் என்று பதிவாயிற்று. ரெண்டு பேருக்கும் பொதுப் பாதம் என்று முடிவாகி, பெட்டிக்கு மேலே துளசியும், பக்கத்தில் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள்.

அப்போது கிருபாபாய் லேபிள் அடிக்க வந்து உட்கார்ந்தாள். எலியைப் பிடித்து அம்பை நகர்த்திப் பாதத்துக்குக் கொண்டுபோனாள்.

"ஐயையோ!" என்று நம்பி அலறினார். "நிறுத்தும்மா! வேடன் விட்ட அம்பு பாதத்துல பட்டுத்தானே கிருஷ்ணாவதாரம் முடிஞ்சது! சங்கத்துக்குள்ளேயே ரெண்டாம் தடவை நடத்தப் பாக்கறியா?"

ஞானபாக்கியமும் அவள் கையைப் பிடித்துவிட்டார். "ஏட்டி, நீயும் ஞானஸ்நானம் எடுத்தவதானே? ஆணி அடிச்ச பாவம் போதாதா? நீ வேற குத்துதியே!"

பாதத்தில் யாரும் அம்பை வைக்கக் கூடாது என்று அடுத்த தீர்மானம் நிறைவேறியது. போர்டில் எதிர்ப்பு ஓட்டே விழாத தீர்மானம் அது ஒன்றுதான். மத ஒற்றுமைக்கு நம் சங்கம் நாட்டுக்கே எடுத்துக்காட்டு என்று தலைவர் நெகிழ்ந்துபோனார்.

ஆக, பாதத்தை அழிக்கக் கூடாது, ஏனென்றால் ரெடிமேட். பாதத்தை அமுக்கவும் கூடாது, ஏனென்றால் அபசாரம். காலையில் பெட்டியைப் போடுவார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்ப்பார்கள். சாயந்திரம் அணைப்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு மலைப் பெருமாளைச் சேவிக்கப் போகிற கூட்டம், போகிற வழியில் சங்கத்தில் இறங்கிப் பாதத்தையும் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தது. தலைவரின் மச்சினன் வேலுசாமி, வேலையில்லாமல் டீக்கடையில் கிடந்தவன், வரிசையை ஒழுங்கு பண்ண வந்து நின்றான்.

கிருபாபாய் ஓரமாக உட்கார்ந்து பழைய டைப்ரைட்டரில் லேபிள் அடித்தாள். வீட்டில் தவசிமுத்துக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அப்படியே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். பாஷ்யம் ஒரு பால்கோவாக் கடை மாடியில் இருப்பதாகச் சொன்னார்கள். மேலே போனால், 'கட்டற்ற கணினி ஆர்வலர் சபை' என்று போர்டு. உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"பட்டை கீழதான் இருக்கணும்!"

"மேலதான் இருக்கணும்ங்கறேன்! கீழ வச்சா அது அடிமைத்தனம்!"

"ரெடிமேடா வர்றதை அப்படியே மாட்டிக்கறவன் இந்தச் சபையில இருக்கப்படாது!"

யானை நெற்றியில் எந்த நாமம் போடுவது என்று வழக்காடின தாத்தாக்களின் பேரன்கள். திரையில் இருக்கிற பட்டை மேலேயா கீழேயா என்பதில் சபை ஏற்கெனவே ரெண்டு கலையாகிவிட்டிருந்தது. ரெண்டு கலையும் ஒன்றை ஒன்று பார்த்தால் குளிக்கும்.

கிருபாபாய் சுவரோரமாக நின்று, பேச்சு ஓய்கிற நேரம் பார்த்துச் சொன்னாள். "தம்பி, அன்னைக்கு வச்சுக் குடுத்தியே, கறுப்புல பெரிய எழுத்து. அதே மாதிரி ஒரே ஒரு தடவை வச்சுக் குடு. அதிகாரி வந்துட்டுப் போற வரைக்கும் போதும். வீட்டுல அவியளுக்கு மூச்சு முட்டிப் படுக்கவே முடியல."

பாஷ்யம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். முன்னே எப்படி வேணும் என்று கேட்ட பையன்தான். அப்போது அவன் தனியாள், இப்போது சபைச் செயலாளர்.

"அக்கா, அன்னிக்கு நான் பண்ணினது பெரிய தப்பு. சபையில மன்னிப்புக் கேட்டுண்டுட்டேன். நான் வச்சுக் கொடுத்தா அதுவும் உங்களுக்கு ரெடிமேட்தானே? உங்க முகப்புக்கான புரோகிராமை நீங்களே எழுதணும். முதல் வரிலேர்ந்து. அதுதான் சுதந்திரம்."

"எனக்கு எழுதத் தெரியாதே தம்பி."

"தெரியாம இருக்கறதுக்கும் உங்களுக்குச் சுதந்திரம் இருக்கு அக்கா. அதுல நாங்க தலையிடவே மாட்டோம்."

கூட இருந்த ஐந்து பேரும் ஆமாம் என்றார்கள். சபை பிறந்ததிலிருந்து எல்லோரும் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவளைக் கைவிட்டார்கள் என்று நினைக்காதீங்க. ஒரு அப்பாவிப் பயனாளியின் சுதந்திரம் பறிபோய்விட்டது என்று அவர்களுக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த வாரமே சங்கத்து வாசலில் வந்து உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், மேல்பட்டைக்காரர்கள் கிழக்கே பார்த்து, கீழ்பட்டைக்காரர்கள் மேற்கே பார்த்து. 'தைத்துப் போடுவோம்! தைத்துப் போடுவோம்!' என்று கோஷம். ரோட்டில் போன தையல்காரர் ஒருத்தர், கூலி உயர்வு கேட்கிறார்கள் என்று நினைத்து வந்து கூடவே உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவர் பயந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கூட்டம் போட்டு, முகப்பை அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டார். கிருபாபாய் ஓரத்திலிருந்து எழுந்தாள். கையைத் தூக்கினாள்.

"கையை இறக்கு கிருபா. அவரவர்னா போர்டு உறுப்பினர்."

"நாந்தானே ஐயா அதுல அடிக்கப் போறேன்?"

"நீ தற்காலிகம்மா. முகப்பு நிரந்தரம். நிரந்தரமான ஒண்ணைத் தற்காலிகமான ஆளுகிட்ட எப்படி விடுறது?"

முகப்புத் திரைக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். திரை ஒன்று, உறுப்பினர் பதினொரு பேர். ஆளுக்கு ஒரு இடம் என்று பாகம் பிரித்தார்கள். நடுவில் தலைவர் படம், மாலையோடு. உயிரோடு இருக்கிறவருக்கு மாலை ஆகாதே என்று யாரோ சொன்னதற்கு, பதவிக்குத்தான் மாலை, ஆளுக்கு இல்லை என்றார். வலது மேல்மூலையில் நம்பி கோயில் கோபுரத்தை ஏற்றினார். அதைவிட உயரமாக வேண்டும் என்று ஞானபாக்கியம் இடது மூலையில் சர்ச் கோபுரத்தை ஏற்றினார். செண்பகத்தோப்பில் காட்டிலாகாவுக்குக் கொட்டகை போட்டுக் கொடுக்கிற உறுப்பினர், அங்கே மரத்துக்கு மரம் தாவுகிற பெரிய சாம்பல் அணிலைக் கொண்டுவந்தார். நாய் வளர்க்கிற உறுப்பினர், அவர் வீட்டு வெள்ளை இராஜபாளையம் நாயைக் குளிப்பாட்டிப் படம் பிடித்துக் கொடுத்தார். இன்னொருத்தர் தன் மாமனார், இன்னொருத்தர் தன் ஆலைப் புகைபோக்கி. பொதுப் பாதம் ரெண்டு மடங்கு பெரிசாயிற்று. பட்டை மேலேயும் ஒன்று, கீழேயும் ஒன்று. வெளியே உண்ணாவிரதம் முடிந்து எலுமிச்சைச்சாறு குடித்தார்கள்.

கடைசியில் பாஷ்யம்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான், லேபிள் அடிக்கிற கட்டத்தை எங்கே வைப்பது என்று.

கமிட்டி திரையை உற்றுப் பார்த்தது. நாயின் முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவில் தீப்பெட்டி அளவு இடம் இருந்தது.

"அதுல வைங்க," என்றார் தலைவர். "நாய் நம்ம ஊரு நாய். காவலா இருக்கும்."

அதிகாரி வந்தார். சால்வை போட்டார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பாதத்தைக் காட்டினார்கள். அவரும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கிருபாபாய் ஜெபித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தவசிமுத்தும் வந்திருந்தார். வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும், ரோட்டோரமாக நின்று நின்று நடந்து வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு வாங்குகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

அவளுக்குக் கோபுரம் தெரிந்தது, மாலை தெரிந்தது, நாய் தெரிந்தது. நாயின் காலுக்கு நடுவே வெள்ளையில் வெள்ளையாக இருந்த கட்டம் தெரியவில்லை. குத்துமதிப்பாக அம்பைக் கொண்டுபோய் வைத்தாள். அந்தப் பெட்டியின் குணம் என்னவென்றால், அம்பு கட்டத்துக்குள் நின்றால்தான் எழுத்து விழும். நூல் அளவு விலகினாலும் அடிப்பதெல்லாம் காற்றோடு போகும். அம்பு நாயின் முழங்காலில் நின்றது. கிருபாபாய் பழகின விரலால் மூன்று வரியையும் தப்பில்லாமல் நாயின் முழங்காலில் அடித்தாள்.

வேலுசாமி பிரிண்டரைத் தட்டினான். கறகற என்று லேபிள் வந்தது. அதில் ஒரு எழுத்து இல்லை. வெறும் வெள்ளை.

அதிகாரி லேபிளைக் கையில் வாங்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அற்புதம்!" என்றார். "ஒரு பிழைகூட இல்லை!"

தலைவர் மூச்சு விட்டார். அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"எத்தனையோ வருஷமாகச் சர்வீசில் இருக்கிறேன். என் மேசைக்கு வருகிற காகிதமெல்லாம் ஒரே எழுத்து. படித்தால் ஏதாவது செய்யவேண்டி வந்துவிடுமே என்று பயந்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டு வருகிறேன். மனசாட்சி உறுத்தும். இந்த லேபிளில் அந்த உறுத்தலே இல்லை. முழுவதும் படித்துவிட்டேன்! முழு மனசோடு கையெழுத்துப் போடுகிறேன். அரசாங்கக் காகிதம் எல்லாம் இப்படி வரவேண்டும் என்பதுதான் என் கனவு."

போட்டார். கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர், கிருபாபாயை நிரந்தரம் பண்ணுகிற விஷயத்தை அதிகாரி காதில் போட்டார். அவரைக் குறை சொல்லக் கூடாது, வாக்குக் கொடுத்ததை மறக்கவில்லை.

அதிகாரி யோசித்தார். "எழுத்து இல்லாமலே லேபிள் வருகிறது. பிறகு டைப்பிஸ்ட் எதற்கு? ஆனால் இவ்வளவு அருமையான முகப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர ஆள் அவசியம். பூப் போட, துணி போட்டு மூட. யாராவது இருக்கிறார்களா?"

வேலுசாமி கையில் துடைக்கிற துணியோடு நின்றான்.

அன்று சாயந்திரமே அவனுக்கு ஆர்டரும் அட்டையும் வந்தது. கிருபாபாயின் வேலை போய்விடவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளை லேபிள் ஒட்டின கட்டுகளை ஆஸ்பத்திரிக்காரர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் துப்புகிற வெள்ளை லேபிளில் மூன்று வரியை டைப்ரைட்டரில் அடிப்பதற்குத் தற்காலிகமாக ஒரு ஆள் வேண்டியிருந்தது.

வேலுசாமி கெட்டவன் இல்லை. ரெண்டு நாள் கழித்து அவள் மேசைப் பக்கம் வந்து தலையைச் சொறிந்தான்.

"யக்கா, எனக்கு ஒரு சீக்கும் கிடையாது. கல்யாணமும் ஆகல. இந்த அட்டையை வச்சு நான் என்னக்கா செய்ய? அண்ணாச்சிக்கு மாத்திக் குடுக்க முடியுமான்னு மாமாகிட்ட கேட்டேன். வந்தபடியே இருக்கணும்னு தீர்மானம் இருக்குங்காரு."

"பத்திரமா வச்சிருங்க தம்பி," என்றாள் கிருபாபாய். "உங்களுக்கு அது தேவைப்படாமலே போகட்டும்."

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. ஈரக்காற்று தவசிமுத்துக்கு ஆகவில்லை. கிருபாபாய் அவர் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "செத்த நேரம் படுத்துக்கோயேன் ஏட்டி," என்பார் அவர். "நான் எங்கயும் ஓடிர மாட்டேன். ஓடுறதுக்கு மூச்சு வேணும்லா?" என்று அவரே சிரிக்கப் பார்ப்பார். கார்த்திகை பிறக்கும்போது அவர் இல்லை.

சங்கத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். தலைவர் மாலை போட்டார். நம்பி தள்ளி நின்று, நல்ல ஆத்மா என்றார். ஞானபாக்கியம் பாட்டுப் பாடினார். புறப்படும்போது தலைவர் அவள் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

"மனசைத் தேத்திக்கோ கிருபா. நிரந்தர ஊழியருக்குப் பதினாறு நாள் துக்கம் உண்டு. தற்காலிகத்துக்கு மூணு நாள்தான் விதி. நாலாம் நாள் வந்துரு, லேபிள் கெடக்கு."

நாலாம் நாள் அவள் போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நல்லபடியா முடிச்சிருக்கக் கூடாதான்னு உங்க முகம் கேட்கிறது, எனக்கும் ஆசைதான். சரி, எழுந்திரிங்க, பிள்ளைகளைத் தூக்கிக்கோங்க. உங்க வீட்டு உலையில் அரிசி கொதிக்கட்டும், கொடியில் ஈரத்துணி காயட்டும், வாசலுக்கு வந்தவங்க வயிறு நிறைஞ்சு போகட்டும். ராத்திரி விளக்கை அணைச்ச பிறகு உங்க வீட்டில் படுத்திருக்கிற ஒவ்வொருத்தர் மூச்சும் தடங்கல் இல்லாமல் வந்து போகிற சத்தம் உங்களுக்குக் கேட்கட்டும். போயிட்டு வாங்க.